ஆறு பேரில் எண்பது சதவீதம்

கவரைப்பேட்டை
12.8.2024

அன்புள்ள மாமாவுக்கு ஈஸ்வரி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் உடம்பும் அத்தையின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன? உங்கள் தங்கைக்கு முட்டி வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் அதையும் நல்ல செய்தியாகவே எழுதுகிறேன்.

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். யாரும் சாகவில்லை. போனில் நான் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை. உங்களுக்குக் கேட்கும்படி பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து என்ன சண்டை என்று விசாரிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் வீட்டு மருமகள் அதை ஹாலில் நின்று உரக்கப் படிக்கிறாளாம். ஆகவே தபால்காரருக்கு வேலை கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரியும். தேர்வாய் கண்டிகைக்கு முன்னால் லாரிகள் திரும்பும் சாலையில் இருக்கிறது. தலைமையாசிரியை மெஹர்னிசா டீச்சரும் நானும்தான் ஆசிரியர்கள். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். கன்டெய்னர் லாரிகளுக்குப் பயந்து போன வருஷம் ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி ஒன்று பள்ளியைத் தத்தெடுத்து ஒரு வேன் விட்டது. பிள்ளைகள் திரும்ப வந்தார்கள்.

போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து பார்த்திபன் என்று ஒரு தம்பி வந்தார். மிகவும் மரியாதையான பிள்ளை. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்காருகிறவர்.

"மேடம், நாங்க செலவு பண்றதுக்கு ஒரு ரிசல்ட் காட்டணும். ஜனவரி கடைசில அஞ்சாவது பசங்களுக்கு ஒரு டெஸ்ட். எண்பது பர்சன்ட் பசங்களுக்கு பர்சன்டேஜ் தெரிஞ்சிருக்கணும். அவ்ளோதான். நூறு கேக்கல பாருங்க."

"அது ஏழாவது பாடம்பா தம்பி. இதுங்க அஞ்சாவது" என்றார் மெஹர்னிசா டீச்சர்.

"அதான் மேடம் இன்னோவேஷன்."

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். வேன் செலவை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்றார். "நான் இல்ல மேடம், மேல" என்று விரலைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் மேலே பார்த்தோம். பல்லி ஒன்று இருந்தது.

என் அஞ்சாம் வகுப்பில் ஆறு பேர். வேன் நின்றால் குடியிருப்புப் பிள்ளைகள் நிற்பார்கள், அவர்கள் நின்றால் பள்ளி நிற்கும். அது ஆறு பிள்ளைகளின் கணக்கில் போய் நிற்கிறது.

அத்தையிடம் விசாரித்ததாகச் சொல்லவும். பதில் எழுதவும்.

உங்கள் மருமகள்,
ஈஸ்வரி


ஓசூர்
2.9.2024

சௌபாக்கியவதி ஈஸ்வரிக்கு மாமா இராஜமாணிக்கம் ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். உன் அத்தைக்குச் சர்க்கரை சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாதிரியும், விருந்தாளி வந்தால் வேறு மாதிரியும் இருக்கிறது.

காது சான்றிதழுக்காக என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நானும் நம் குடும்பத்து வழக்கப்படி நேர்மையாகத் தூக்கினேன். முப்பத்தெட்டு சதவீதம் கேட்கவில்லை என்று முடிவு. நாற்பது இருந்தால்தான் சான்றிதழாம். நான் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கேட்டுத் தொலைத்துவிட்டேன். ரோலிங் மில் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்ததற்கு இன்னும் கொஞ்சம் செவிடாகியிருக்கலாம்.

ஆகவே சதவீதத்தைக் கண்டு நீ பயப்படுவது நியாயம்தான். ஆனால் ஆறே பிள்ளைகள். ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதா உன்னால்? உன் நைனா தணிகாசலத்துக்கே நீ போனில் பணம் அனுப்பச் சொல்லிக்கொடுத்தவள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


கவரைப்பேட்டை
25.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முப்பத்தெட்டுக்குச் சிரித்தாள். பிறகு, "அண்ணனுக்கு நெஜமாவே கேக்கலயா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டையும் எழுதச் சொன்னாள்.

பாடம் தொடங்கிவிட்டேன். இந்தப் பிள்ளைகளுக்குச் சதவீதம் என்ற சொல் புதிதல்ல. அதுதான் தொல்லையே.

பைசல் என்று ஒரு பையன். பழவேற்காட்டிலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகன். இருபதில் ஐம்பது சதவீதம் எவ்வளவு என்று கேட்டேன்.

"அம்பது" என்றான்.

"நாப்பதுல?"

"அதுவும் அம்பதுதான் டீச்சர். எந்தப் போன்ல பார்த்தாலும் அம்பதுன்னா அம்பதுதான். பழைய போன்னா சார்ஜ் சீக்கிரம் எறங்கிடும், அவ்ளோதான்."

சின்னதுரைக்குப் பதினேழு சதவீதம் மட்டும்தான் தெரியும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கும் மெஷினில் பதினேழு வரை வந்தால் மூட்டையை எடுத்துக்கொள்வார்கள், தாண்டினால் திரும்பக் காய வைக்க வேண்டும். ஆகவே நான் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும் அது பதினேழுக்கு மேலா கீழா என்று பார்த்து, "வாங்கிக்குவாங்க" அல்லது "வாங்க மாட்டாங்க" என்று பதில் சொல்கிறான். நெல்லுக்குச் சரி.

ஜெபா விஷயம் வேறு. அவள் அம்மா கம்பெனி கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள். தம்பிக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு டபுள் ஷிப்ட் என்று வாரத்தில் ஒரு நாள் இவள் வருவதில்லை. வரும் நாளில் கேள்வி கேட்டுச் சாகடிக்கிறாள். நம் வகுப்பில் ஆறு பேர், மூன்று பேர் பெண்கள், அப்படியானால் நூற்றுக்கு ஐம்பது பேர் என்று விளக்கினேன்.

"இங்க ஆறு பேருதான டீச்சர் கீறோம். மீதி தொண்ணூத்தி நாலு பேரு எங்க?"

"இருக்கிறதா நெனச்சிக்கணும்மா."

"இல்லாதவங்கள எதுக்கு டீச்சர் நெனைக்கணும்?"

இதற்குப் பதில் என் பி.எட். புத்தகத்தில் இல்லை. பார்த்திபன் தம்பியிடம் கேட்டேன். மறுநாளே ஒரு பெட்டியில் நூறு பாட்டில் மூடி அனுப்பிவிட்டார், கற்றல் உபகரணம் என்று பெயர் ஒட்டி.

கண் அடிக்கடி வலிக்கிறது. மற்றபடி சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

ஈஸ்வரி


ஓசூர்
20.10.2024

அன்பு ஈஸ்வரிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் நலம் தொடரட்டும்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். ஐம்பது சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் இருபது சதவீதம் தள்ளுபடி என்று எழுதியிருந்தான். மொத்தம் எழுபது என்று உன் அத்தை சண்டை பிடித்தாள். அறுபதுதான் என்று கடைப் பையன் கால்குலேட்டரைக் காட்டினான். "கால்குலேட்டரும் உங்க கடையோடதுதானே" என்றாள் உன் அத்தை. கடைசியில் ஒரு கட்டைப் பை கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லையாதலால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளைத் துணிக்கடைக்கு அழைத்துப் போ. அதுதான் என் யோசனை. உபயோகமில்லை என்றால் விட்டுவிடு.

கண்ணைக் காட்டு. பண்டிகையைக் கவலையில்லாமல் கொண்டாடுங்கள்.

மாமா


கவரைப்பேட்டை
15.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். மழை. நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மற்றதை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

புயலுக்குப் பிறகு தரைப்பாலம் பெயர்ந்து வேன் ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. குடியிருப்புப் பிள்ளைகள் நடந்து வந்தார்கள். ஜெபா தம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கும்போது, திரும்பிக்கொண்டிருந்த லாரியின் கொக்கியில் அவள் பையின் வார் மாட்டிக்கொண்டது. வார் அறுந்தது. பை லாரியோடு போனது. ஜெபா பள்ளிக்கு வந்தாள்.

அவள் பயந்த மாதிரி தெரியவில்லை. பையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது என்று மட்டும் அழுதாள். நான்தான் அன்று முழுக்கக் கரும்பலகையில் எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதினேன்.

சாயந்திரம் அவள் அம்மா வந்தாள். "டீச்சர், வேன் வந்தாத்தான் இனிமே அனுப்புவேன். படிப்பு இல்லன்னா பாத்திரம் தேய்ச்சாவது பொழைச்சிக்கும். கால் இல்லன்னா இன்னா பண்ணும்?" என்றாள்.

வேன் இப்போது ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் விஷயம். பார்த்திபன் முன்னோட்டமாக ஒரு டெஸ்ட் வைத்தார். பைசல், ஹுமைரா, இரட்டைப் பிள்ளைகள் இருவர், ஆக நான்கு பேர் தேறினார்கள். பைசல் பேட்டரியை விட்டு வெளியே வந்துவிட்டான். சின்னதுரையும் ஜெபாவும் தேறவில்லை. ஆறில் நான்கு. அவருடைய லேப்டாப்பில் 66.67 என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

"பச்சையா வரணும் மேடம்" என்றார், கொத்தமல்லி வாங்கும்போது சொல்வதைப்போல.

ஜெபாவுக்கு இன்னும் அந்தத் தொண்ணூற்று நாலு பேர் கிடைக்கவில்லை. தினமும் பள்ளி விட்ட பிறகு அவளையும் சின்னதுரையையும் வேன் வரும்வரை உட்கார வைக்கிறேன். எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, நீங்களும் எழுதிவிடாதீர்கள்.

குளிர் நாள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும்.

ஈஸ்வரி


ஓசூர்
22.12.2024

அன்பு ஈஸ்வரிக்கு,

மாமாவின் ஆசி. இங்கே குளிர் அதிகம், மற்றபடி குறையில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று ஒரு பழைய கதை எழுதுகிறேன்.

எங்கள் மில்லில் ஆள் வருகை ஒருநாளும் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்குக் கீழே போனதில்லை. மேலே இருந்தவர்கள் அப்படித்தான் விரும்பினார்கள். பொங்கலுக்கு மறுநாள்கூடத் தொண்ணூற்றைந்து. மில்லுக்குள் நாயைத் தவிர ஆள் இருக்காது, ஆனால் தொண்ணூற்றைந்து. எப்படி என்று கேள். வராதவனை வரவைக்க யாராலும் முடியாது. ஆனால் வராதவனை அன்றைக்குக் கான்ட்ராக்டர் ஆள் என்று மாற்றி எழுதிவிட்டால், அவன் நம் ஆளே இல்லை. நம் ஆளே இல்லாதவன் எப்படி ஆப்சென்ட் ஆவான்? மேலே இருக்கும் எண்ணைக் கூட்டுவது கஷ்டம். கீழே இருக்கும் எண்ணைக் குறைப்பது ஒரு பேனாவின் வேலை. எனக்கு மூன்று வருஷம் தொடர்ந்து சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள்.

சிரித்தாயா? வேளைக்குச் சாப்பிடு. பொங்கல் வாழ்த்துகளை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மாமா


கவரைப்பேட்டை
19.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. நைனா இந்த வருஷம் மாட்டுக்கு வண்ணம் அடித்ததில் பாதி தன் வேட்டிக்கு அடித்துக்கொண்டார். அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை. அத்தையின் சர்க்கரை எப்படி?

டெஸ்ட் மாதக் கடைசியில் நடக்கிறது. மெஹர்னிசா டீச்சர் அதற்காக நோன்பு வைக்கிறார். விதிமுறைத் தாள் வந்திருக்கிறது. அன்று வருகை தந்திருக்கும் பிள்ளைகளைக் கொண்டு கணக்கிடப்படும் என்று போட்டிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

ஈஸ்வரி


ஓசூர்
10.2.2025

அன்பு ஈஸ்வரிக்கு,

நலம்தானே? மாதக் கடைசி போய்ப் பத்து நாள் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் ஏதோ சொன்னாள். "வேன்" என்றது மட்டும் கேட்டது. வேன் வருகிறது என்றாளா, வரவில்லை என்றாளா என்று தெரியவில்லை. மருமகளை விட்டுக் கேட்கச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

இரண்டு வரி எழுது.

மாமா


கவரைப்பேட்டை
16.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். டெஸ்ட் நல்லபடி நடந்தது. சரியாக எண்பது சதவீதம். பச்சை. வேன் வருகிறது, அடுத்த வருஷமும் வரும் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் 80% என்று கிரீமில் எழுதியிருந்தது. வெட்டியதில் எனக்குச் சைபர் வந்தது.

உங்களைக் கவலைப்பட வைத்ததற்கு மன்னிக்கவும். வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஈஸ்வரி


ஓசூர்
25.2.2025

அன்பு ஈஸ்வரிக்கு,

இங்கே நலம். வேன் நிலைத்ததில் சந்தோஷம். கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு எடுத்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டேன். வேலையில்லாதவன், வேறென்ன செய்வது.

ஆறு பேரில் நான்கு பேர் அறுபத்தாறு சொச்சம். ஐந்து பேர் எண்பத்து மூன்று சொச்சம். நடுவில் எண்பது உட்கார இடமே இல்லை. எப்படித் திருப்பிப் போட்டாலும் வரவில்லை. ஐந்து பேரில் நான்கு பேர் என்றால் சரியாக எண்பது.

யார் அன்று வரவில்லை?

எழுத விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம். ஆனால் நான் சிரிக்க எழுதியதை நீ சிரிக்கத்தான் படித்தாய் என்று ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதி.

மாமா


கவரைப்பேட்டை
18.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பதில் எழுத இத்தனை நாள் ஆனது. நான்கு முறை தொடங்கினேன். நான்கு முறையும் அம்மாவின் முட்டியோடு நின்றுவிட்டது.

ஜெபா.

டெஸ்டுக்கு முந்தின நாள் அவள் அம்மாவைக் கேண்டீன் வாசலில் பார்த்தேன். "பாப்பா டல்லா கீற மாதிரி இருக்குது, நாளைக்கு ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றேன். என் குழந்தை மேல் டீச்சருக்கு எவ்வளவு அக்கறை என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் சின்னதுரையை நிறுத்தவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவன் ஒருநாளும் லீவு போடாதவன், வராவிட்டால் கேட்பார்கள். ஜெபா வராவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவு யோசித்துத்தான் செய்தேன்.

டெஸ்டுக்கு மறுநாள் வந்தாள்.

"எத்தினி டீச்சர் வந்துச்சி?"

"எண்பது."

அவள் போய் அந்த மூடிப் பெட்டியைக் கவிழ்த்தாள். தரையில் ஐந்து குவியல் வைத்தாள். ஒவ்வொன்றிலும் இருபது. நான்கு குவியலை இந்தப் பக்கம் தள்ளி எண்ணினாள். பிறகு எல்லாவற்றையும் கலைத்து ஆறு குவியல் வைத்தாள். பதினாறு பதினாறாக. நான்கு மூடி மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வந்திருந்தா அறுபத்தாறு, அறுபத்தேழு வந்திருக்கும் இல்ல டீச்சர்?"

மாமா, ஐந்து மாதமாக நான் தொண்டை வற்றக் கத்தியும் புரியாதது அவளுக்குப் புரிந்துவிட்டது. தொண்ணூற்று நாலு பேரைத் தேடுவதை விட்டுவிட்டாள். நூறை ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு என்ன வருமோ அதுதான் சதவீதம் என்று தானே கண்டுபிடித்தாள். எதைக் கொண்டு கண்டுபிடித்தாள் என்பதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது.

அவளுக்குக் கோபமே இல்லை. "அப்ப நான் வராததாலதான் வேன் நின்னுச்சா?" என்றாள். நின்றது என்றால் நிலைத்தது என்ற அர்த்தத்தில். முகம் எப்படி இருந்தது தெரியுமா? பரிசு வாங்கின மாதிரி. அன்றைக்குச் சாயந்திரம் வேனில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். சின்னதுரை என்னிடம் வந்து, "அடுத்த தபா நான் வராம கீறேன் டீச்சர்" என்றான். ஜெபா அவனை அடக்கினாள். "நீயும் வரலன்னா நாலுக்கு நாலு, நூறு வந்துடும்டா. நம்ப மாட்டாங்க."

அதன்பிறகு நான் கவனித்தேன். பார்த்திபனின் கார் சத்தம் கேட்டால் ஜெபா வகுப்பில் இருக்க மாட்டாள். யாரும் சொல்லவில்லை. கழிவறைப் பக்கம் போய் நிற்பாள், கார் போன பிறகு வருவாள். நான் கண்டுகொள்ளவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன்.

போன வாரம் கம்பெனியிலிருந்து பாராட்டு விழா என்று வந்தார்கள். மதியம், கொளுத்துகிற வெயில். ஆறு பேருக்கு ஆறு டிபன் பாக்ஸ் பரிசு என்று மெஹர்னிசா டீச்சர் பெயர் படிக்கிறார், ஜெபாவைக் காணோம். கழிவறைப் பக்கமும் இல்லை. பின்பக்க வேலியில் சின்னதுரை நின்றிருந்தான். "கார் ரெண்டு வந்துகீது டீச்சர், ரொம்ப நேரம் இருப்பாங்கன்னு ஊட்டுக்குப் போய்க்கினு கீறா" என்றான்.

வீட்டுக்கு என்றால் சாலையைத் தாண்ட வேண்டும். வேன் நாலு மணிக்குத்தான் வரும்.

நான் செருப்பில்லாமல் ஓடினேன். சாலை நடுவில் இருக்கும் சிமென்ட் கட்டையின் மேல் நின்றிருந்தாள். இரண்டு பக்கமும் லாரி. ஒன்று அவள் பாவாடையைப் பறக்க வைத்துக்கொண்டு போனது. நான் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. இடைவெளி கிடைக்கும்வரை நான் இந்தப் பக்கம் நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

கையைப் பிடித்தேன். "எங்கடி போற?"

"சார் எண்ணிடுவாரு டீச்சர்."

இழுத்துக்கொண்டு வந்தேன். ஷாமியானாவுக்குள் எல்லோரும் பார்த்தார்கள். ஜெபாவைச் சின்னதுரை பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்திபனைத் தனியே கூப்பிட்டேன். "சார், உங்களுக்கே தெரியும், எங்க அஞ்சாவதுல ஆறு பேரு. அதோ நிக்கிறாளே, அவ ஆறாவது. டெஸ்ட் அன்னிக்கு அவள வர வேணாம்னு சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இத ஏன் மேடம் எங்கிட்ட சொல்றீங்க? வேற எந்த ஸ்கூல்லயும் சொல்றதில்ல மேடம்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

"இப்ப அவளுக்குத் தெரியும். கேட்டுப் பாருங்க. அவ தேறினா ஆறுல அஞ்சு, எண்பத்தி மூணு. பொய்யும் இல்ல, பச்சையும் வந்துடும்."

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது, மாமா. இப்படி ஒரு வழி இருப்பது ஓடும்போது தோன்றியிருந்தது.

அவர் அவளிடம் போய்க் குனிந்து கேட்டார். "பாப்பா, ஆறு பேர்ல நாலு பேரு பாஸ் பண்ணா எத்தனை பர்சன்ட்?"

ஜெபா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த இரண்டு கார்களைப் பார்த்தாள்.

"எண்பது சார்" என்றாள்.

இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை எண்பது. தெளிவாக, கைகட்டிக்கொண்டு சொன்னாள். அவர் பேனாவை எடுத்து அவள் பெயரை எழுதி, பக்கத்தில் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டார். "நீங்க சொன்னதுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியாது மேடம். ஆறுல நாலு. மேல அனுப்பறேன். ஜூன்ல சொல்லுவாங்க" என்றார். டிபன் பாக்ஸை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

வேன் வருகிறவரை நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்திருந்தோம்.

"தெரிஞ்சிக்கினே ஏன்டி தப்பா சொன்ன?"

"கரெக்டா சொன்னா அறுபத்தாறு. அறுபத்தாறுன்னா வேன் வராது." டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள். "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க. உங்களுக்குத்தான் டீச்சர் பர்சன்டேஜ் தெரில."

ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அத்தைக்கும் உங்களுக்கும் என் வணக்கம். வெயிலில் வெளியே போகாதீர்கள்.

ஈஸ்வரி